ஐந்து லிட்டருக்கு மேல் ஒரு கரண்டி

வானூர்தியில் சரக்கு அனுப்புவோர் கைக்கொள்ளும் விதிநூலில், நீரில் வாழும் உயிர்களுக்குக் கேடு செய்யும் பொருள்களுக்கென்று ஒரு சலுகை உண்டு. திரவமாயின் ஒரு கலத்தில் ஐந்து லிட்டர். திண்மமாயின் ஐந்து கிலோ. அந்த அளவோ அதற்குக் குறைவோ இருந்து, கலம் ஒழுகாததாகவும், மூடி இறுகியதாகவும், சூட்டில் விரிவதற்கு உள்ளே சிறிது இடம் விட்டு நிரப்பியதாகவும் இருந்தால், அந்நூலின் மற்றக் கட்டளைகள் அதற்குப் பொருந்தமாட்டா. பெட்டியின்மேல் அபாயக் குறி வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவன் கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவமும் வேண்டியதில்லை. ஐந்து லிட்டரை ஒரு கரண்டி மிஞ்சினால் அதே திரவம் அபாயச் சரக்காகிவிடும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறிய ஆலையொன்றில் நான் ஏற்றுமதித் தாள்களை எழுதுபவன். இச்சரக்கு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதன்று என்று விமான நிறுவனத்துக்கு உறுதி கூறும் கடிதத்தைப் பல ஆண்டுகளாக எழுதி, அதன் கீழே என் பெயரைப் பொறித்துவருகிறேன். ஒரு கரண்டியினால் அக்கடிதம் பொய்யாகிப்போன கதையையும், அப்பொய்யின் சுமையை வேறொருவர் சுமந்ததையும் இதுவரை நான் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

எங்கள் ஆலையில் செய்வது கப்பல் தொட்டிகளின் உட்புறத்தில் பூசப்படும் பிசின். அங்கே அதை ரெசின் என்றே சொல்வோம். தேனின் நிறமும் தேனினும் தடித்த ஓட்டமும் உடையது. தீப்பற்றாது; மூச்சை அடைக்காது. தண்ணீரில் கலந்துவிட்டால் மட்டும் நெடுநாள் அகலாமல் அங்குள்ள உயிர்களைக் கொல்லும். பெரிய பீப்பாய்கள் கடல்வழியே போகும். எங்கேனும் ஒரு துறைமுகத்தில் பழுதுபார்க்க நிற்கும் கப்பலுக்கு அவசரமாகச் சிறிதளவு தேவைப்படும்போது, ஐந்து லிட்டர்க் கேன்களில் நிரப்பி, நான்கு கேன்களுக்கு ஒரு பெட்டியாகக் கட்டி, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அனுப்புவோம்.

நிரப்பும் வேலை பாயினுடையது. அவரை ஆலையில் அனைவரும் அப்படித்தான் அழைத்தோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பூந்தமல்லிக் கடைத்தெருவில் அவருடைய குடும்பம் சில்லறையாக எண்ணெய் அளந்து விற்ற கடையை நடத்திவந்தது. உறைகளில் அடைத்த எண்ணெய் ஒவ்வொரு மளிகைக் கடையிலும் தொங்கத் தொடங்கியபின் அளந்து வாங்குவோர் குறைந்து, கடை மூடப்பட்டது. அதைப் பற்றி அவர் வருந்திப் பேசி நான் கேட்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் போக மூன்று ஆண்டு குளித்தேன் என்று சிரிப்பார். பிறகு ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆளாகப் பல ஆலைகளில் சுமை தூக்கினார். இரண்டு இடங்களில் மறுநாள் வரவேண்டாமென்று தொலைபேசியில் சொல்லியே நிறுத்திவிட்டார்களாம். முழங்கால் தேய்ந்த பின்னர் எங்களிடம் வந்தார்.

அவர் ஊற்றுவதைப் பார்ப்பதே தனி நிறைவு. ரெசின் நூல்போல இழுபடும் இயல்புடையது; ஊற்றி நிமிர்த்தும்போது பாத்திரத்தின் வெளிப்புறமெல்லாம் வழிந்துவிடும். பாய் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி அந்த நூலை அறுப்பார். தரையில் ஒரு துளி விழாது. அவர் வந்த மாதமே முன்பு நிரப்பிவந்த இருவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு, நிரப்பும் மேசையை அவரிடமே ஒப்படைத்தோம்.

அபாயச் சரக்குக்குரிய ஒட்டுத்தாள்களின் சுருள் ஒன்று என் மேசையருகே இருந்தது. சாய்சதுரக் கட்டத்துக்குள் இலையற்ற ஒரு மரம். அதன் அடியில் மல்லாந்து கிடக்கும் ஒரு மீன். பெரிய கலங்களை அனுப்பும்போது மட்டும் அதை ஒட்டுவோம். முதல்முறை அதைப் பார்த்தபோது பாய் நெடுநேரம் உற்றுநோக்கினார்.

"இன்னா சார், மீனு மல்லாந்துகினு கீது?"

தண்ணீரில் கொட்டினால் இப்படி ஆகும் என்பதற்கு அடையாளம் என்றேன். நம்முடைய சிறிய கேன்களுக்கு இந்த மீன் டிக்கெட் கிடையாதா என்று கேட்டார். ஐந்து லிட்டருக்குள் இருந்தால் தேவையில்லை என்று விளக்கினேன்.

"அப்போ அஞ்சுக்குள்ள ஊத்துனா மீனு சாவாதா?"

சாகும், ஆனால் சிறிய கலம் உடைந்தால் விளையும் கேடும் சிறியது என்று கருதி விதி விலக்கு அளிக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். "அத்த மீனாண்ட யாராச்சும் சொல்லிகீறாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமல் மேசைக்குத் திரும்பினார். அன்றுமுதல் என்னைக் காணும்போதெல்லாம் இன்று மீனுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று.

கேன்களை நிரப்ப ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் ஒன்று இருந்தது. கோடுவரை பிடித்து, புனல் வழியே கேனில் கவிழ்த்தால் போதும். பாய் அவ்வாறே செய்வார். பாத்திரம் முழுவதும் வடிந்த பிறகு, பக்கத்துப் பீப்பாயில் நீண்ட பிடியுள்ள கரண்டியை விட்டு, ஒரு கரண்டி மொண்டு, அதையும் ஊற்றிவிட்டே மூடியைத் திருகுவார். ஒரு கேனுக்கேனும் அவர் அதைச் செய்யாமல் விட்டதில்லை.

நான் அதைக் கண்டுபிடித்தது எடைமேடையின் வாயிலாக. நான்கு கேன்கள் அடங்கிய பெட்டி இன்ன எடை இருக்கவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பாய் வந்த பிறகு ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ அரைக் கிலோ கூடுதலாக நின்றது. எடைமேடையைச் சரிபார்க்கச் சொன்னேன், அதில் பிழையில்லை. அட்டையின் ஈரமோ என்று ஐயுற்றேன். பிறகு ஒருநாள் அவருக்குப் பின்னால் நின்று பார்த்தபோது கரண்டியைக் கண்டேன்.

எதற்காக இது என்று கேட்டேன். என் கேள்வியே அவருக்கு வியப்பாக இருந்தது.

"கொசுறு சார்," என்றார். "அளந்தது கணக்குக்கு. இது அவங்களுக்கு."

கடையில் எண்ணெய் அளந்து முடித்தபின் அளவையைத் திரும்பவும் சாய்த்து ஒரு சொட்டேனும் விடாமல் எவரையும் அனுப்பியதில்லை என்றும், அளவோடு நிறுத்துகிறவன் கடைக்கு மறுமுறை யார் வருவார்கள் என்றும் சொன்னார். அவருடைய மேசைக்கு மேலே சுவரில், ஐந்து லிட்டருக்கு மிகாமல் நிரப்புக என்று நான் எழுதி ஒட்டிய அறிவிப்பு இருந்தது. அதை அவர் படித்திருந்தார். மீறுவதாக அவர் எண்ணவில்லை. அவரைப் பொறுத்தவரை அளவு என்பது அளவுப் பாத்திரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் தருவது அளவைச் சேராது. அது தருகிறவனின் மனத்தைச் சேர்ந்தது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவை இரண்டு. அந்தக் கரண்டி கேனை ஐந்து லிட்டருக்கு மேல் கொண்டுபோகிறது. ஆகவே என் கடிதம் பொய்யாகிறது. அந்தக் கரண்டி, சூட்டில் திரவம் விரிவதற்காக விட்ட இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆகவே கேன் ஒழுகக்கூடும். இரண்டையும் நான் அறிவேன். விதிநூலின் அப்பகுதியை அச்சிட்ட எழுத்தின் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு முந்திய வாரந்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், உங்கள் கேன்களில் அளவு எப்போதும் நிறைவாக இருக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார். முதலாளி அக்கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். குறைத்து ஊற்றினால் குற்றம்; கூட்டி ஊற்றுவதில் என்ன குற்றம் என்று என் மனமும் ஒரு பக்கம் சாய்ந்தது. எடைமேடை காட்டிய எடையையே தாளில் எழுதினேன். அதற்கு நேரே, கேன் ஒன்றுக்கு ஐந்து லிட்டர் என்றும் எழுதினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பதை, சற்று நின்று பெருக்கிப் பார்க்கிற எவரும் கண்டுபிடித்திருக்கலாம். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் முதலாளி பாயை அழைத்து ஒரு வாக்குறுதி அளித்தார். கோடை கழிந்ததும் அபாயச் சரக்குகளைக் கட்டுவதற்கான பயிற்சி வகுப்புக்கு ஆலையே அவரை அனுப்பும். சான்றிதழ் பெற்று வந்தால் ஒப்பந்தக்காரரிடமிருந்து விடுவித்து ஆலையின் சொந்தப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். பாய் அதை என்னிடம் வந்து சொன்னபோது வழக்கமான கேலி எதுவும் இல்லை. ஐம்பது வயதை நெருங்குகிறவனை இனி எந்த ஒப்பந்தக்காரனும் புதிதாகச் சேர்க்கமாட்டான் என்றார். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லி நிறுத்த முடியாதல்லவா என்று இருமுறை கேட்டார். முடியாது என்றேன். வகுப்பில் என்ன கேட்பார்கள் என்பதை அறிய, உணவு இடைவேளைகளில் என் அருகே அமர்ந்து, சின்னங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். மீன் டிக்கெட்டை மட்டும் நான் சொல்லித்தரத் தேவையில்லை என்றார்.

கத்திரி வெயிலின் நடுவில் பதினாறு கேன்கள் போயின. நான்கு பெட்டிகள். மறுநாள் முற்பகல் சரக்கு முகவர் தொலைபேசியில் அழைத்தார். விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்கு வெளியே பெட்டிகள் நெடுநேரம் வெயிலில் நின்றிருக்கின்றன. ஒரு பெட்டியின் அடிமூலை நனைந்திருப்பதைப் பரிசோதகர் கண்டிருக்கிறார். பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கேனின் மூடியை மீறி ரெசின் கசிந்திருந்தது. மற்றக் கேன்களையும் திறந்தபோது எவற்றிலும் விரிவதற்கு இடமில்லை. அளந்து பார்த்தார்கள்; ஒவ்வொன்றும் ஐந்து லிட்டரைத் தாண்டியிருந்தது.

கசிவு ஒரு குறைபாடு; திருத்திக்கொள்ளக் கூடியது. அளவு மிகுந்தது அப்படியன்று. அபாயச் சரக்கை அபாயமற்றதென்று கையொப்பமிட்டு அனுப்பியதாக அது பொருள்படும். மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும், தவறு எங்கே நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, இனி நேராதிருக்க என்ன செய்யப்பட்டது என்று விமான நிறுவனத்தார் கேட்டிருந்தார்கள்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேசினார். அவர் கெட்டவர் அல்லர். கூடுதல் அளவு நமக்குத் தெரிந்தே போயிற்று என்றால் நம் சரக்கை இனி எந்த விமானமும் ஏற்றாது. உங்கள் பயிற்சிச் சான்றிதழும் போகும். அறிவுறுத்தலை மீறி ஒரு தொழிலாளி செய்தது என்றால் அவரை நீக்கிவிட்டோம் என்று முடித்துவிடலாம் என்றார். பிறகு, "எப்படி எழுதணும்னு உங்களுக்குச் சொல்லணுமா? எனக்கு இந்த ஆலையில நாப்பது பேர் இருக்காங்க," என்றார்.

திரும்பி வந்த நான்கு பெட்டிகளும் பின்முற்றத்தில் கிடந்தன. பாய் அவற்றின் முன் குந்தியிருந்தார். நனைந்த அட்டையை விரலால் தொட்டு, முகர்ந்து, விரலைக் கந்தையில் துடைத்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். முழங்கால் இடம் தராமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கரண்டில இவ்ளோ கீதா சார்?"

ஆம் என்றேன். இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்பார் என அஞ்சி நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. தரையைப் பார்த்தபடி வேறொன்றைக் கேட்டார்.

"நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க. அத்த மட்டும் எழுதிடுங்க சார். ஊத்துனது நான்தான், இல்லேங்கல. திருட்டுத்தனமா ஊத்துனான்னு மட்டும் ஆயிட வாணாம்."

எழுதுகிறேன் என்று சொன்னேன். அந்த நொடியில் அவ்வாறு எழுதவே எண்ணினேன் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். அதனால் என் செயலின் தன்மை மாறிவிடாது.

அன்று மாலை அண்ணனூர் நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விளக்கத்தை மனத்துக்குள் அமைத்தேன். நிரப்புபவரின் வழக்கத்தை இரண்டு ஆண்டுகளாக நான் அறிந்திருந்தும் தடுக்கவில்லை என்று முதல் வாக்கியம் அமைந்தது. அது நல்ல வாக்கியம். மறுநாள் காலை மேசையில் அமர்ந்தபோது அதைத் தவிர மற்றெல்லாவற்றையும் எழுதினேன். நிரப்பும் மேசைக்கு மேலே தெளிவான அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்ததை எழுதினேன். அதன் படத்தையும் இணைத்தேன். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அவ்வறிவிப்பை மீறி, மேற்பார்வையாளரான என் பார்வைக்கு வராமல், கூடுதலாக நிரப்பினார் என்று எழுதினேன். 'பார்வைக்கு வராமல்' என்ற இரண்டு சொற்களையும் ஒருமுறை அடித்தேன்; பிறகு திரும்பவும் எழுதினேன். அவை இல்லாமல் விளக்கம் நிற்காது. என் சொற்களில் பிழை இராது என்று ஆலையில் ஒரு பெயர் எனக்கு உண்டு. அந்தத் தாளிலும் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

விளக்கம் ஏற்கப்பட்டது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். விளக்கத்தோடு இணைத்திருந்த தாள்களுள் என் எடைக்குறிப்பும் இருந்தது. பெட்டிக்கு அரைக் கிலோ கூடுதல் என்பது அதிலே, என் கையெழுத்திலே, தெளிவாக நின்றது. அவர்களும் அதைப் பெருக்கிப் பார்க்கவில்லை.

பாய்க்குச் செய்தி ஒப்பந்தக்காரரின் தொலைபேசி வழியாகவே வந்தது. அவர் அப்போது கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு, மீதமிருந்த கேன்களையும் கழுவிக் கவிழ்த்தார். கரண்டியைக் கரைப்பானில் தோய்த்துத் துடைத்து, வழக்கமான ஆணியில் மாட்டினார். அலுவலறைக்கு வெளியே நின்று என்னிடம் விடைபெற்றார். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வகுப்புக்காக எழுதிவைத்திருந்த சிறிய குறிப்பேட்டை, அடுத்து வருபவருக்கு உதவும் என்று சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன் முதல் பக்கத்தில் மரமும் மீனும் பேனாவால் வரையப்பட்டிருந்தன.

இப்போது நிரப்புவது ஓர் இயந்திரம். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நிரப்பிவிட்டு நிற்கும். என் கடிதங்கள் உண்மையானவை. திரும்பி வந்த நான்கு பெட்டிகளும் அந்த ஆண்டு மழைவரை பின்முற்றத்திலேயே கிடந்தன. அவற்றில் ஊறியிருந்தது எந்தக் கால்வாய் வழியே எந்த ஏரிக்குப் போனது என்று எவரும் விளக்கம் கேட்கவில்லை. தரையில் கிடக்கும் பெட்டிக்கு என் விதிநூலில் ஒரு வரியும் இல்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாங்காட்டில் உறவினர் வீடு ஒன்றுக்குப் போய்விட்டு இருசக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாரிவாக்கம் அருகே பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பினேன். எனக்கு முன்னால் ஓர் ஆட்டோ நின்றது. அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தவரின் முகத்தைத் தொப்பி மறைத்தது. ஆனால் மணிக்கட்டு தெரிந்தது. எண்கள் ஓடி நின்றன. அவர் குழாயை உடனே எடுக்கவில்லை. குழாயின் மூக்கைத் தொட்டியின் வாய்க்குள் வைத்தபடியே இருமுறை உதறி, உள்ளே தங்கியிருந்த சொட்டுகளையும் விழச்செய்தார். "வரேன் மாமே," என்று ஆட்டோக்காரர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். பாய் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியாததுபோல அவர் நடிக்கவில்லை. "எவ்ளோ சார்?" என்றார். இரண்டு லிட்டர் என்றேன். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, முழங்கால் எப்படி இருக்கிறது, இங்கே எத்தனை நாளாக என்றெல்லாம் கேட்க எண்ணியவன், பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தேன்.

"ஜீரோ பாத்துக்கங்க," என்றார்.

பார்த்தேன். எண்கள் ஓடின. இரண்டில் நின்றன. அவர் குழாயை நேராக வெளியே எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், அதன் இடத்தில் மாட்டினார். உதறவில்லை.

"அளவு சரியா கீதா சார்?"

சரியாக இருக்கிறது என்றேன். அவர் அடுத்த வண்டியை வரச்சொல்லிக் கையசைத்தார்.